வைஃபை எட்டாத அறைக்கு என்ன வாங்குவது?

"நல்ல ரவுட்டர் ஒன்று சொல்லுங்களேன்" என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, இப்போது இருக்கிற ரவுட்டர் வீட்டில் எங்கே இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் ஒரே மாதிரி இருக்கும். இணைப்புக் கொடுக்க வந்தவர், கம்பி எந்தச் சுவர் வழியாக உள்ளே நுழைந்ததோ அந்தச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகு டிவி வந்திருக்கும், டிவிக்கு ஒரு அலமாரி வந்திருக்கும், ரவுட்டர் அந்த அலமாரிக்குப் பின்னால் தூசியோடு தூசியாக மறைந்து போயிருக்கும். வீட்டின் அந்தக் கோடியில் இருக்கிற படுக்கையறையில் வீடியோ கால் திக்கித் திக்கி வருகிறது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என்ன விலை கொடுத்துப் புது ரவுட்டர் வாங்கி அதே ஆணியில் மாட்டினாலும் அந்த அறைக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, வேகம் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் கம்பி, அது வந்து சேரும் பெட்டி, பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் சின்ன கேபிள், ரவுட்டர், நடுவில் நிற்கும் சுவர்கள், கடைசியாகக் கையில் இருக்கும் போன். இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி பலவீனமோ அதை மட்டும் மாற்றினால் போதும், மற்றதை மாற்றினால் பணம் போகுமே தவிர வேகம் வராது.

முதலில் மூன்று எண்கள்

லேப்டாப்பை கேபிள் போட்டு நேராக ரவுட்டரோடு இணைத்து ஒரு ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, நடுவில் சுவர் இல்லாத இடத்தில் நின்று வைஃபையில் ஒன்று. அப்புறம் பிரச்சினையான அறைக்குப் போய், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து ஒன்று. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். காலையில் ஒரு தடவை, வீட்டில் எல்லோரும் இருக்கும் இரவு நேரத்தில் ஒரு தடவை என்று எடுத்தால் இன்னும் நல்லது.

கேபிளிலேயே வேகம் குறைவாக இருந்தால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. கேபிளில் சரியாக வந்து, ரவுட்டர் பக்கத்தில் நின்றும் வைஃபை பாதிக்கும் கீழே போனால், ரவுட்டர் பழசு அல்லது உங்கள் போனோ லேப்டாப்போ பழசு. பக்கத்தில் நன்றாக இருந்து தூரத்து அறையில் மட்டும் விழுந்தால், அப்போதுதான் அது சிக்னல் எட்டாத பிரச்சினை. மூன்றுக்கும் வாங்க வேண்டியது வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் அலமாரியில் மூன்று ரவுட்டர் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 94. எங்கள் அக்கா வீட்டில் 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருந்தார்கள். எப்போது பார்த்தாலும், எந்த அறையில் பார்த்தாலும், 93, 94. கேபிளில் போட்டாலும் 94. இணைப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்றார்கள், புது ரவுட்டர் வாங்கிப் பார்த்தார்கள், அதிலும் 94. நான் போனபோது ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த ஒரு முழம் கேபிளைக் கழற்றி, நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். ஏழு கம்பிகள் நுனி வரை போயிருந்தன, கடைசியில் இருந்த பழுப்பு நிறக் கம்பி மட்டும் ஒரு நெல்முனை அளவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். 1000 எம்பிபிஎஸ் ஓட நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 ஓட ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். பழுப்பு தொடவில்லை என்றதும் இரண்டு பெட்டிகளும் தமக்குள் பேசி 100-க்கு இறங்கிக்கொண்டன, அதில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் போகும் முகவரி விவரங்களையெல்லாம் கழித்து நமக்குக் கிடைப்பது 94 சொச்சம். கேபிளை மாற்றினோம், 300 வந்தது.

அதே 94 இன்னொரு காரணத்தாலும் வரும். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் கேபிள் செருகும் துளை, அதாவது போர்ட், இன்னும் 100 எம்பிபிஎஸ்தான். பெட்டியின் முன்பக்கம் 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், பின்பக்கம் சின்ன எழுத்தில் போர்ட் 10/100 என்று இருக்கும். வாசல் 100 என்றால் உள்ளே கூடம் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? 100-க்கு மேல் திட்டம் வைத்திருப்பவர்கள் ரவுட்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்: எல்லா போர்ட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

காசு செலவில்லாத வேலைகள்

தூரத்து அறைதான் பிரச்சினை என்று தெரிந்துவிட்டதா? சரி, இப்போதும் கடைக்குப் போக வேண்டாம். ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். வீட்டுக்கு நடுவாக, மார்பு உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில். ஃபைபர் கம்பியை நீட்ட முடியாவிட்டாலும், ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டர் வரை போகும் கேபிளை நீட்டலாமே, அது 100 மீட்டர் வரை போகும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஒன்றாக இருக்கும் மாடலானால் அங்கிருந்து கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிக்னலுக்கு முதல் எதிரி உலோகமும் தண்ணீரும். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி (அதன் பின்பூச்சு உலோகம்), மீன் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், இவை வழியில் நின்றால் சிக்னல் பாதிக்கு மேல் அங்கேயே செத்துவிடும். வெறும் மரக்கதவும் மெல்லிய தடுப்புச் சுவரும் அவ்வளவு மோசமில்லை. ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போட்டு, ரவுட்டரிலிருந்து அந்த அறைக்கு ஒரு நேர்க்கோடு இழுத்து, கோடு எதையெல்லாம் வெட்டிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். பல சமயம் ரவுட்டரை ஒரு மீட்டர் நகர்த்தினாலே கோடு பீரோவை விட்டு விலகிக் கதவு வழியாகப் போய்விடும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா உள்ள ரவுட்டரில் இன்னொரு விஷயம். நேராக நிற்கும் ஆன்டெனாவைச் சுற்றி சிக்னல் பரவுவது, காற்றடித்த சைக்கிள் டியூபைக் குச்சியில் மாட்டிய மாதிரி. பக்கவாட்டில் நன்றாகப் போகும், குச்சியின் நுனி காட்டும் திசையில் குறைவு. ஆன்டெனா எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அந்தப் பக்கம் சிக்னல் பாயும் என்று நினைத்து அறையை நோக்கித் திருப்பி வைக்கிறார்கள், அது நேர் எதிர்ப்பலன் தரும். ஒரே தளத்தில் வீடு என்றால் எல்லாவற்றையும் நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் படுக்கை வாட்டில் வைத்துப் பாருங்கள்.

சிக்னலைக் கோடுகளாகப் பார்க்காமல் எண்ணாகப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் மாதிரி இலவச ஆப்கள் காட்டும். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைக் கிளிக் செய்தால் தெரியும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பை இறக்கி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் கிடைக்கும். டிபிஎம் என்று மைனஸ் எண் வரும். பூஜ்யத்துக்குக் கிட்டே இருந்தால் நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 65 வரை கவலையில்லை, மைனஸ் 70-க்குக் கீழே வீடியோ கால் தடுமாறத் தொடங்கும், மைனஸ் 80-இல் கோடு தெரியும், வேலை நடக்காது. இது சாதாரணக் கணக்கு இல்லை, 3 குறைந்தாலே சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள், 10 குறைந்தால் பத்தில் ஒன்று. அதனால்தான் ஒரு பீரோவை நகர்த்தி 6 டிபி கிடைத்தால்கூட அது பெரிய லாபம்.

வைஃபை ஓடும் அலைவரிசைப் பட்டைகளைப் பேண்ட் என்பார்கள், முக்கியமானவை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்து, அதற்குள் இருக்கும் சேனலை (பேண்டுக்குள் உள்ள தனிப் பாதை) 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைவான ஒன்றில் போடுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அந்த மூன்றுதான். 3-லோ 8-லோ போட்டால் இரண்டு பக்கத்து வீட்டாருடைய சத்தமும் சேர்ந்து கேட்கும்.

பெட்டியில் போட்டிருப்பதைப் படிக்கும் விதம்

இடம் மாற்றியும் சரியாகவில்லை, ரவுட்டரும் பழசு, வாங்கத்தான் வேண்டும் என்றால், பெட்டியின் மேல் இருக்கும் எண்களைப் புரிந்துகொண்டு போங்கள். வைஃபைக்குப் பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. வைஃபை 5 என்பது 2013-14 வாக்கில் வந்தது, வைஃபை 6 2019-இல், வைஃபை 7-க்குச் சான்று கொடுக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில். இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர்கள் வைஃபை 6-க்குக் கீழே வாங்க வேண்டாம். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து சாதனங்கள் பேசும்போது வைஃபை 6 அவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தும். அதோடு 2.4 பேண்டையும் அது மேம்படுத்தியிருக்கிறது, வைஃபை 5 அந்தப் பேண்டைத் தொடவே இல்லை.

ஏஎக்ஸ்3000 (ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6) என்று போட்டிருந்தால் 3000 எம்பிபிஎஸ் வரும் என்று நினைப்போம். அது கூட்டல் கணக்கு: 2.4 பேண்டில் 574, 5 பேண்டில் 2402, இரண்டையும் கூட்டி, முழுமையாக்கி 3000 என்று போட்டுவிட்டார்கள். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருக்கும், ஆக அதிகபட்சம் 2402. அந்த 2402-ம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான். பல போன்கள் 5 பேண்டில் 80 வரைக்கும்தான் போகும், அப்போது 1201. இதுவும் காற்றில் ஓடும் கச்சா வேகம், அதில் சுமார் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான் ஸ்பீட் டெஸ்டில் தெரியும். ரவுட்டர் பக்கத்தில் நின்று 600, 700 வந்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பொருள். ஏஎக்ஸ்5400, ஏஎக்ஸ்6000 என்று மேலே போகப்போக ரவுட்டரில் ஆன்டெனா கூடுகிறது, ஆனால் போனில் இருப்பது இரண்டுதானே. அந்தக் கூடுதல் வேகம் போன் வரை வராது. என் கணக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு எல்லா போர்ட்டும் கிகாபிட்டாக உள்ள ஏஎக்ஸ்3000 ரவுட்டரே போதும், மிச்சப் பணத்தைக் கேபிளுக்கும் இரண்டாவது பெட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வைஃபை 6ஈ-யும் வைஃபை 7-ம் 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டைக் கொண்டுவந்தன. புதிய சாலை, கூட்டமே இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பில் அருமையாக இருக்கும். ஆனால் 5-ஐவிடச் சுவரில் சீக்கிரம் அடிபடும், ஒரே அறைக்குள்தான் அதன் முழு அழகும் தெரியும். நாட்டுக்கு நாடு 6 கிகாஹெர்ட்ஸில் எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பது வேறுபடும், அதையும் உங்கள் போனில் அந்தப் பேண்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். வைஃபை 7 என்று போட்டு 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டே இல்லாமல் வரும் ரவுட்டர்களும் உண்டு, பெட்டியின் ஓரத்தில் பேண்டுகள் என்னென்ன என்று பாருங்கள்.

2.4-ஐ ஒதுக்கிவிடாதீர்கள். அது மெதுவானது, மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் கலங்கும், ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் இரண்டு சுவர் தாண்டிப் போவது அதுதான், ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா போன்றவற்றில் பல அதை மட்டும்தான் பேசும்.

இரண்டாவது பெட்டி

பெரிய வீட்டுக்கு, இரண்டு தளத்துக்கு, நீள வாட்டில் கட்டிய வீட்டுக்கு ஒரு ரவுட்டர் எட்டாது. ரவுட்டரை எவ்வளவு சக்தியானதாக வாங்கினாலும் அது பேசுவது போனுக்குக் கேட்கும், போன் திருப்பிப் பேசுவது ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே, போனின் குரல் சின்னக் குரல். அதனால் சத்தமாகப் பேசும் ஒரு பெட்டியைவிட, மெதுவாகப் பேசும் இரண்டு பெட்டிகள் மேல்.

இதில் என் கருத்து உறுதியானது: கேபிள் இழுக்க ஏதாவது ஒரு வழி இருந்தால் கேபிள் இழுங்கள். ஜன்னல் ஓரமாக, சுவர் விளிம்பில் வெள்ளை கேசிங்குக்குள், பழைய டெலிபோன் கம்பி போன குழாய் வழியாக, மொட்டை மாடியைச் சுற்றி, எப்படியாவது. ஒரு கேபிள் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த முனையில் ஒரு சாதாரண ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகப் பரப்பும் நிலை) வைத்தாலே, காற்றிலேயே தமக்குள் பேசி ஒரே நெட்வொர்க்காக ஓடும் விலை கூடிய மெஷ் பெட்டிகளின் செட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், வருஷக்கணக்கில் தொந்தரவும் தராது. பழைய ரவுட்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அதுவே போதும், அதன் போர்ட் கிகாபிட்டாக இருந்தால்.

கேபிள் வாங்கும்போது கேட்6 என்ற தரத்தில் வாங்குங்கள், கேட்5ஈ கிடைத்தாலும் ஒரு கிகாபிட்டுக்குத் தாராளம், 2.5 கிகாபிட்டும் ஓடும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது உள்ளே இருப்பது முழுச் செம்பா, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதா என்பதுதான். பூசியது மலிவு, தூக்கிப் பார்த்தால் எடை குறைவாக இருக்கும், ஒரு கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது சீக்கிரம் ஒடியும், தூரம் கூடினால் தடுமாறும், கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் கூரை வகை ஆக்சஸ் பாயிண்டுக்குப் போட்டால் சூடேறும். சுவருக்குள் போவதற்கு முழுச் செம்பு, கட்டிக் கம்பி. மேசையில் வளைந்து நெளிந்து கிடப்பதற்கு இழைக் கம்பி. வெயிலில் போகும் பகுதிக்கு வெளிப்புற உறை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று போடும்போதே இரண்டாகப் போட்டுவிடுங்கள், கேபிளின் விலையைவிட ஆள் கூலியும் நம் நேரமும்தான் அதிகம்.

இரண்டாவது பெட்டியை அமைக்கும்போது ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் இரண்டு ரவுட்டர்களும் தனித்தனி ராஜ்ஜியம் நடத்தும், மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியாது, கேம் விளையாடுகிறவர்களுக்கு இணைப்பு அறுந்து அறுந்து வரும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வேறு வேறு சேனல். போன் நடக்க நடக்கத் தானாக மாறிக்கொள்ளும். மாறாமல் பழையதையே பிடித்துத் தொங்கினால், இரண்டு பெட்டிகளிலும் 2.4 பேண்டின் சக்தியைக் குறைத்து வையுங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பது பல நேரங்களில் நன்றாக வேலை செய்கிறது.

கேபிளுக்கு வழியே இல்லை, வாடகை வீடு, ஓட்டை போட அனுமதியில்லை. அப்போது மெஷ். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்கள். ஒன்று, பெட்டிகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது. இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷில் உங்கள் போனுக்குப் போகும் அதே பாதையில்தான் பெட்டிகளுக்குள் பேச்சும் நடக்கும், அதனால் இரண்டாவது பெட்டியில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்று பேண்ட் உள்ளதில் ஒரு பேண்டைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு இரண்டு பேண்டே போதும். 300, 500 என்று போனால் மூன்று பேண்ட் வாங்குவது நியாயம். இன்னொன்று, ஒவ்வொரு பெட்டியிலும் கேபிள் போர்ட் இருக்க வேண்டும். இன்றைக்கு வழியில்லாவிட்டாலும் நாளைக்குக் கேபிள் இழுத்தால் அதே பெட்டிகள் புது உயிர் பெறும்.

வைக்கும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே இரண்டாவது பெட்டியை வைக்கிறார்கள். அந்த அறைக்குத்தான் சிக்னலே வரவில்லையே, பெட்டிக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அறையில் போன் முழுக் கோடு காட்டும், ஏனென்றால் பக்கத்திலேயே பெட்டி இருக்கிறது, ஆனால் பெட்டிக்கே பின்னால் தண்ணீர் வரவில்லை. பாதி வழியில், முதல் பெட்டியின் சிக்னல் மைனஸ் 60, 65 அளவில் இருக்கும் இடத்தில் வையுங்கள். மூன்று பெட்டி செட்டை எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம், இரண்டு வாங்கி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். சின்ன வீட்டில் மூன்று வைத்தால் ஒன்றின் பேச்சை ஒன்று கெடுக்கும்.

பிளக்கில் செருகினால் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர்? ஒரு மூலையில் ஒரு பல்பும் ஒரு கேமராவும் வேலை செய்தால் போதும் என்றால் வாங்குங்கள். அதில் வீடியோ கால் பேசி நிம்மதியாக இருக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று இருக்கிறது. பெட்டியில் 1000, 2000 என்று போட்டிருக்கும், நடைமுறையில் ஒன்றிரண்டு நூறுகளைத் தாண்டினால் பெரிய விஷயம், வயரிங்கைப் பொறுத்து அதற்கும் கீழே போகும். இரண்டையும் நேராகச் சுவர் பிளக்கில் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ யூபிஎஸ்ஸிலோ போட்டால் படுத்துவிடும், இரண்டு பிளக்கும் வேறு வேறு ஃபேஸில் இருந்தாலும் தகராறு. திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கிப் பாருங்கள். சுவருக்குள் டிவி கோஆக்சியல் கேபிள் சும்மா கிடந்தால் அதன் வழியாக இணையத்தை அனுப்பும் மோகா அடாப்டர் பவர்லைனைவிட எவ்வளவோ மேல், 2.5 கிகாபிட் வரை தாங்கும். டிஷ் ஆன்டெனாவின் சிக்னல் போய்க்கொண்டிருக்கும் கேபிளில் மட்டும் அதைச் சேர்க்க முடியாது, இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதும்.

வேகம் இருந்தும் திக்குகிறது என்றால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை வைஃபை பிரச்சினை என்று நினைத்துப் பணத்தை விடுகிறார்கள். ஸ்பீட் டெஸ்ட் அருமையாக வரும். ஆனால் வீட்டில் ஒருவர் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியதும் இன்னொருவரின் வீடியோ கால் உறைந்துவிடும். காரணம், ரவுட்டர் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவைக்கிறது, போட்டோ மூட்டைகளுக்குப் பின்னால் உங்கள் குரல் நிற்கிறது. பஃபர்ப்ளோட் என்பார்கள். இதற்கு மருந்து வரிசையை ஒழுங்கு செய்யும் மென்பொருள்தான். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள், அதிலிருந்து வளர்ந்தவை இன்று எஸ்க்யூஎம் என்ற பெயரில் சில ரவுட்டர்களில் இருக்கின்றன, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போடக்கூடிய எந்த ரவுட்டரிலும் சேர்க்கலாம். உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை அதில் எழுதி வையுங்கள். பத்து சதவீதம் வேகம் போகும், திக்கல் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு வேகம் தேவை என்பதையும் நிதானமாக யோசியுங்கள். 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது, வீடியோ காலுக்கு ஐந்துக்குள். ஆகவே படுக்கையறையில் 40 நிலையாக வந்தால் அங்கே இனி எதையும் வாங்க வேண்டியதில்லை, 400-ஐத் துரத்த வேண்டாம். நகராமல் ஓரிடத்தில் இருப்பவற்றை, டிவி, மேசைக் கம்ப்யூட்டர், கேம் பெட்டி எல்லாவற்றையும் கேபிளில் போட்டுவிட்டால் காற்றில் இடம் காலியாகும், போன்கள் நன்றாக மூச்சு விடும்.

பழைய லேப்டாப் மட்டும் மெதுவாக இருந்தால் ரவுட்டரை விட்டுவிட்டு அதன் வைஃபை கார்டை மாற்றலாமா என்று பாருங்கள். பல மாடல்களில் இரண்டு திருகைக் கழற்றினால் ஆகிற வேலை, சிலவற்றில் போர்டிலேயே ஒட்டியிருக்கும். யூஎஸ்பி அடாப்டர் வாங்குவதாக இருந்தால் விரல் நுனி அளவு குட்டியானதை வாங்காமல், யூஎஸ்பி 3 உள்ளதை ஒரு அடி நீட்டிப்புக் கேபிளோடு வாங்குங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் 2.4 பேண்டைக் கெடுக்கும், கொஞ்சம் தள்ளி வைத்தால் தப்பிக்கலாம்.

வாங்கும் கடைசி நேரத்தில் இரண்டு விஷயங்கள் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை இருக்கிறதா, அந்த நிறுவனம் தன் பழைய மாடல்களுக்குச் சமீபத்தில் மென்பொருள் அப்டேட் கொடுத்திருக்கிறதா. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள நிறுவனத்தின் தளத்தில் மூன்று நான்கு வருஷத்துக்கு முந்தைய மாடலின் டவுன்லோடு பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்தால் போதும். வீட்டின் எல்லாப் போக்குவரத்தும் இந்தப் பெட்டி வழியாகப் போகிறது, கைவிடப்பட்ட பெட்டியை வைத்திருக்கக் கூடாது. மின்வெட்டு இருக்கும் இடம் என்றால் ரவுட்டருக்கு ஒரு சின்ன டிசி யூபிஎஸ் சேர்த்து வாங்குங்கள், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துப் போடுங்கள், ரவுட்டர் மட்டும் ஓடிப் பயனில்லை.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு பழைய தாளை எடுங்கள். அதே இடங்களில், அதே நேரங்களில், அதே போனை வைத்து மறுபடி மூன்று எண்களையும் எடுத்து பழையதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிரச்சினையான அறையில் மைனஸ் 80 இருந்தது மைனஸ் 60-க்கு வந்திருந்தால் பெட்டியின் உறையைத் தூக்கிப் போடலாம். வரவில்லை என்றால் பெட்டியை இடம் மாற்றி ஒரு நாள் பாருங்கள், அப்போதும் வரவில்லை என்றால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலான கடைகளில் அதற்குச் சில நாட்கள்தான் அவகாசம்.